கலந்தாய்வில் கிடைக்கும் இடமா, கடன் வாங்கிச் சேரும் இடமா?

கேள்வி: வணக்கம் ஐயா. என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பொறியியல் கட் ஆஃப் 200க்கு 178. கலந்தாய்வில் அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஈ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) கிடைக்கக்கூடும் என்கிறார்கள். அவள் விரும்பும் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்புக்குத் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் தயாராக இருக்கிறது. விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். முன்பணத்தை இந்த வாரமே கட்டச் சொல்கிறார்கள். எங்கள் கையில் 4 லட்சம் இருக்கிறது. மீதிக்குக் கல்விக் கடன்தான் வாங்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது? – ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில்தான் பதிலின் பெரும்பகுதி இருக்கிறது. குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லையென்றால், உங்கள் மகளுக்கு முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை உண்டு. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கு மட்டுமே அந்தக் கல்விக் கட்டணச் சலுகை பொருந்தும். நிர்வாக ஒதுக்கீட்டில் (மேனேஜ்மென்ட் கோட்டா) சேர்ந்தாலோ, நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்தாலோ அது கைவிட்டுப் போய்விடும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அவள் அரசுப் பள்ளியிலேயே படித்தவளா என்பதை நீங்கள் எழுதவில்லை. அப்படியானால், 2021 முதல் நடைமுறையில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அவள் போட்டியிடலாம். அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி பணத்தைப் பார்ப்போம். நான்கு ஆண்டுகளுக்கு 14 லட்சம் ஆகிறது. உங்கள் 4 லட்சம் போக, ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வீதம் 10 லட்சம் கடன். படிப்புக் காலத்திலும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொல்வது உண்மைதான். ஆனால் அந்த ஐந்தாண்டுகளும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, தனிவட்டியாகவே கணக்கிட்டாலும், தவணை தொடங்கும் நாளில் கடன் ஏறத்தாழ பதின்மூன்றரை லட்சமாக நிற்கும். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 17,800 ரூபாய் வேண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணின் சம்பளத்தில் அது எத்தனை பங்கு என்பதை அவளையும் உட்கார வைத்துப் பேசுங்கள். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு வங்கிகள் வழக்கமாகச் சொத்துப் பிணையம் கேட்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் பிணையம் இல்லாமல் கடன் கிடைக்கும். ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையான கடனில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. ஆனால் அது தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்பவர்களுக்கானது. நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் பொருந்தாது.

தனியார் என்றாலே குறைவு என்ற கருத்து எனக்கு இல்லை. நல்ல நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பாடத்திட்டத்தை விரைவாகப் புதுப்பிக்கின்றன; ஆய்வகங்களுக்குத் தாராளமாகச் செலவிடுகின்றன. மறுபுறம், அரசுக் கல்லூரிகள் பலவற்றில் ஆசிரியர் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல், கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே வகுப்புகள் ஓடுவதை மறைத்துப் பேசுவதும் சரியாகாது. ஆகவே இரண்டு நிறுவனங்களையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். அதற்கு விளம்பரப் பலகையில் இருக்கும் 'அதிகபட்சச் சம்பளம்' எந்த விதத்திலும் உதவாது. அது ஒரே ஒரு மாணவர் பெற்ற தொகை.

உதவக்கூடிய ஆவணம் ஒன்று இருக்கிறது. 2016 முதல் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்டுவரும் என்.ஐ.ஆர்.எஃப். என்னும் உயர்கல்வி நிறுவனத் தரவரிசையில் பங்கேற்கும் நிறுவனங்கள், தாங்கள் சமர்ப்பித்த தரவுகளைத் தங்கள் இணையதளத்திலும் வைத்திருக்கும். தரவரிசை எண்ணை விட்டுவிட்டு அந்த ஆவணத்தைத் திறந்து பாருங்கள். நான்காண்டுப் படிப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் தேர்ச்சி பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்ற விவரங்கள் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து இருக்கும். அங்கேயே சம்பளத்தின் இடைநிலை மதிப்பும் இருக்கும். அதாவது, வேலை பெற்றவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை. வேலை கிடைக்காதவர்கள் அந்த வரிசையிலேயே இல்லை என்பதால், அந்தத் தொகையை வேலை பெற்றோர் எண்ணிக்கையோடு சேர்த்தே படிக்க வேண்டும். அதே ஆவணத்தில் ஆசிரியர் பட்டியலும் உண்டு. அவர்கள் பணியில் சேர்ந்த தேதிகளைப் பாருங்கள். பெரும்பாலானோர் ஓரிரு ஆண்டுகளுக்குள் சேர்ந்தவர்களாக இருந்தால், அங்கே ஆசிரியர்கள் நிலைத்து நிற்பதில்லை என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. இவை நிறுவனம் முழுமைக்குமான எண்கள். துறை வாரியான நிலவரத்தை, இறுதியாண்டில் படிக்கும் இரண்டு மூன்று மாணவிகளிடம் நேரில் கேட்டுத்தான் அறிய முடியும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மீதான உங்கள் மகளின் விருப்பத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. வளாகத் தேர்வுக்கு வரும் மென்பொருள் நிறுவனங்கள் பல, எல்லாப் பொறியியல் பிரிவு மாணவர்களையும் எடுத்துக்கொள்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில், கூடுதலாக 18 மதிப்பலகுகள் (கிரெடிட்) படித்து வேறொரு துறையில் துணைப் பட்டத் தகுதி (மைனர்) பெறவும் வழி இருந்தது; இப்போது சேர்பவர்களுக்கான விதியைக் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். எனினும் ஈ.இ.இ. பாடங்களே அவளுக்குக் கசக்கும் என்றால் நான்காண்டுகள் நீண்டவை. அதை அவள்தான் சொல்ல வேண்டும்.

நடுவில் இன்னொரு வழியும் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்றவை அறக்கட்டளைகள் தொடங்கிய அரசு உதவி பெறும் கல்லூரிகள். இத்தகைய கல்லூரிகளில் அரசு உதவியோடு நடக்கும் பிரிவுகளில் கட்டணம் மிகக் குறைவு. ஒரே வளாகத்தில் சுயநிதிப் பிரிவுகளும் இருந்தால் அவற்றுக்குக் கட்டணம் வேறு. கலந்தாய்வுப் பட்டியலில் பிரிவின் பெயருக்குப் பின்னால் 'எஸ்.எஸ்.' என்றிருந்தால் அது சுயநிதிப் பிரிவு. புகழ்பெற்ற உதவி பெறும் கல்லூரிகளுக்கு 178 போதாமல் போகலாம். ஆனால் கலந்தாய்வுக்கு வரும் நல்ல சுயநிதிக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் அவளுக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. அங்கே கட்டணத்துக்கு அரசின் குழு உச்சவரம்பு வைத்திருக்கிறது. முதல் பட்டதாரிச் சலுகையும் செல்லும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் கலந்தாய்வையே தேர்வேன். அவள் மனதார விரும்பும் வரிசையில், கிடைக்காது என்று தோன்றுவதை மேலேயும் கட்டாயம் கிடைக்கும் என்பதைக் கீழேயும் வைத்து, நிறைய விருப்பங்களைப் பதிவு செய்யுங்கள். மேலே உள்ளவற்றை எழுதுவதால் கீழே உள்ளவை பறிபோகாது. 'இந்த வாரமே' என்ற அவசரம் உங்களுடையது இல்லை, அவர்களுடையது. ஒருவேளை கட்டிவிட்டீர்கள் என்றாலும் பயப்பட வேண்டாம்: பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும், நடைமுறைச் செலவாக 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல், பிடிக்கலாம். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை இல்லை. சரிபார்த்ததும் அசலைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

கேள்வி: நிகர்நிலைப் பல்கலைக்கழகப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்கிறார் என் மாமா. உண்மையா? – ஒரு மாணவர்

பதில்: செல்லும். 1956ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, சட்டம் இயற்றி நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களுக்கும், 3ஆம் பிரிவின்கீழ் நிகர்நிலைத் தகுதி பெற்றவற்றுக்கும் பட்டம் வழங்கும் உரிமையை ஒன்றுபோலவே தருகிறது. உங்கள் மாமாவின் அச்சத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை: உரிய ஒப்புதலின்றிச் சில நிகர்நிலை நிறுவனங்கள் தொலைதூரக் கல்வியில் வழங்கிய பொறியியல் பட்டங்களின் மீது 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. எனவே நிறுவனத்தின் பெயரோடு நின்றுவிடாமல், நீங்கள் சேரும் படிப்புக்கும் அந்த வளாகத்துக்கும் ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அரசு, தனியார் என்ற எல்லையும் அசையாத ஒன்று இல்லை. 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 2013இல் தனிச் சட்டத்தின் மூலம் தமிழக அரசின் நிர்வாகத்துக்கு வந்தது. சேரப்போகும் நிறுவனத்தின் பெயர் மானியக் குழுவின் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அங்கேயே வெளியிடுகிறார்கள்.