நவம்பரில் தூங்கப் போடுங்கள், ஜனவரியில் அளந்து பாருங்கள்

கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அண்ணா, போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு என்ஃபீல்ட் இன்டர்செப்டர் 650 வாங்கினேன். 2020 மாடல், இதுவரை 19,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீட்டோடு சேர்ந்த கராஜில் நிற்கிறது. பனி கொட்ட ஆரம்பித்தால் ஏப்ரல் வரை எடுக்க முடியாது. போன குளிர்காலம் முழுக்க வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டேன். அப்படியும் ஏப்ரலில் பேட்டரி செத்துக் கிடந்தது. இந்த முறை நானே உட்கார்ந்து ஏதாவது வேலை பார்க்கலாம் என்றிருக்கிறேன். இன்ஜினை இறக்கிப் பிரித்துப் பார்க்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?"

இன்ஜினை விட்டுவிடுங்கள் தம்பி. புகை இல்லை, சத்தம் இல்லை, ஆயில் குடிக்கவில்லை என்றால் அதைப் பிரிப்பது சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது. கையில் ஐந்து மாசம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த வண்டிக்கு வேண்டிய வேலைகள் வேறு இடங்களில் இருக்கின்றன. முதல் வேலை, அந்த வாராந்திர ஸ்டார்ட்டை நிறுத்துவது.

நல்லது என்று நினைத்துத்தான் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. இன்ஜின் முழுச் சூட்டில் ஓடும்போது அது சைலன்சர் வழியாகப் போய்விடும். பிஸ்டனைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும் கொஞ்சமும் ஆயிலின் சூட்டிலேயே ஆவியாகிவிடும். மைனஸ் பத்து டிகிரியில் ஐந்து நிமிஷம் ஓடி நின்றால் ஆயில் சூடேறவே நேரம் இருக்காது. தண்ணீர் சைலன்சருக்குள்ளும் ஆயிலிலும் தங்கிவிடும். இப்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். மோர்க்குழம்பு மாதிரி வெளிர்மஞ்சளாக ஏதாவது படிந்திருந்தால் அது போன குளிர்காலத்து நினைவுச் சின்னம்.

பேட்டரி செத்ததும் இதனால்தான். ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு முறை இழுக்கும் கரண்ட்டை ஐந்து நிமிஷ ஐட்லிங் திருப்பித் தராது. வாரா வாரம் கொஞ்சம் கடன். பேட்டரியை நாலைந்து மணி நேரம் ஓய்வில் வைத்துவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் காலி. நிறைந்த பேட்டரி நம் ஊர் குளிருக்கெல்லாம் உறையாது. காலியான பேட்டரிக்குள் ஏறக்குறைய தண்ணீர்தான் மிச்சம் என்பதால் மைனஸ் பத்து வாக்கிலேயே உறைந்து, உள்ளே தகடுகளை வளைத்துவிடும். அப்புறம் என்ன சார்ஜ் போட்டாலும் திரும்பாது. ஐம்பது டாலர் சுமாருக்குக் கிடைக்கும் தானியங்கி பராமரிப்பு சார்ஜர் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். சாதா கார் சார்ஜரை மாதக்கணக்கில் மாட்டி வைக்கக் கூடாது. முந்தைய ஓனர் லித்தியம் பேட்டரி போட்டிருந்தால் அதற்கென்று உள்ள சார்ஜர்தான் வேண்டும், முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூங்கப் போடுவது ஒரு நாள் வேலை. கடைசியாக வண்டி எடுக்கும் அன்று பங்க்கில் முதலில் பெட்ரோலைக் கெடாமல் வைத்திருக்கும் ஸ்டெபிலைசரைக் காலி டேங்க்கில் ஊற்றி, அதன் மேல் பெட்ரோல் நிரப்புங்கள். அப்போதுதான் நன்றாகக் கலக்கும். வீடு வரும் தூரத்தில் அது இன்ஜெக்டர் வரை போய்ச் சேர்ந்துவிடும். இங்கே கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் சுமார் பத்து சதவீதம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இன்டர்செப்டரின் டேங்க் இரும்பு. கழுத்து வரை நிரப்பிவிட்டால் உள்ளே ஈரக் காற்றுக்கு இடமில்லை, துருவுக்கும் வழியில்லை. வீட்டுக்கு வந்த சூட்டோடு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அதில் ஐந்து மாசம் பேரிங்குகளை ஊறப்போட வேண்டாம். அப்புறம் நன்றாகக் கழுவித் துடைத்து, செயினுக்கு ஸ்ப்ரே அடித்து, துணிக் கவர் போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும்.

சைலன்சர் வாயில் துணி அடைத்து, அதில் ஒரு சிவப்பு ரிப்பனைத் தொங்கவிடுங்கள். துணி எலிக்காக, ரிப்பன் உங்களுக்காக. என் பழைய பைக்கின் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஒரு வருஷம் எலி குடும்பம் நடத்தியிருந்தது. மூடியைத் திறந்தால் சீட்டிலிருந்து பிய்த்த பஞ்சு, நடுவில் ஒரு கைப்பிடி சூரியகாந்தி விதை. பக்கத்து வீட்டில் பறவைகளுக்குப் போட்டது அத்தனையும் என் ஃபில்டரில் சேமிப்பு!

கராஜ் வீட்டோடு சேர்ந்தது என்று எழுதியிருப்பதால் இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பெட்ரோல் ஆவி மைனஸ் நாற்பது டிகிரியிலும் தீப்பற்றும். குளிர்தானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். கராஜிலோ ஒட்டிய அறையிலோ தண்ணீர் சூடாக்கும் பாய்லர் எரிந்துகொண்டிருந்தால், அல்லது குளிருக்காக கேஸ் ஹீட்டர் வைத்திருந்தால், பெட்ரோல் சம்பந்தப்பட்ட எந்த வேலையையும் அங்கே செய்யாதீர்கள். கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் உள்ளே இன்ஜினை ஓடவிட வேண்டாம். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, வீட்டுக்குள் போகும் கதவு அதற்கும் கதவுதான்.

சரி, வண்டி தூங்கிவிட்டது. இனி உங்கள் ஐந்து மாசம். இங்கேதான் நான் முதல் குளிர்காலத்தில் மாட்டிக்கொண்டேன். கோயம்புத்தூர் பட்டறையில் கை பழகியவன் என்ற தைரியத்தில், டிசம்பரிலேயே முன் ஃபோர்க், பின் சக்கரம், இரண்டு பிரேக் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றிப் போட்டேன். ஏப்ரல் வந்தபோது எந்த போல்ட் எங்கே போகும் என்று தெரியவில்லை. ஆர்டர் போட்ட ஆயில் சீல் வரவில்லை. மே கடைசியில்தான் வண்டி தரையில் நின்றது. அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: ஒன்றைக் கழற்றினால், அதை மாட்டி முடிக்கும் வரை அடுத்ததைத் தொடக் கூடாது. கழற்றும் போல்ட்டுகளுக்கு ஓர் அட்டைப் பெட்டியின் பக்கத்தைக் கிழித்து, கவரின் உருவத்தை அதில் வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீள போல்ட்டும் குட்டை போல்ட்டும் மாறிப்போய் அலுமினிய மரையைக் கெடுப்பதெல்லாம் இந்த ஒரு அட்டையில் தீர்ந்துவிடும்.

அதனால் ஜனவரியில் கழற்றாதீர்கள், அளந்து பாருங்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, சென்டர் ஸ்டாண்டோ பேடக் ஸ்டாண்டோ போட்டு, ஒரு சனிக்கிழமை முழுக்க வண்டியைச் சுற்றி வாருங்கள். எது தேய்ந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்தால் பாகங்களை ஜனவரியிலேயே ஆர்டர் செய்யலாம். ஏப்ரலில் எல்லாருக்கும் ஒரே நாளில் ஞானம் வரும். கடைகளில் வரிசை நிற்கும்.

முதலில் கோன் செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலுள்ள பேரிங். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை ஒற்றை விரலால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் தள்ளுங்கள். நடுவில் வரும்போது 'டிக்' என்று ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் பேரிங் பாதையில் குழி விழுந்திருக்கிறது, மாற்ற வேண்டும். அப்புறம் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டொக்' என்று கேட்டால் தளர்ந்திருக்கிறது. கோன் செட் மாற்றுவது முதல் வேலையாகச் செய்யக்கூடியதல்ல. குழி விழுந்திருந்தால் அதை மட்டும் கடையில் கொடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

செயினுக்குப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றி, நாலைந்து இடத்தில் தொய்வை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். ஓரிடத்தில் 25 மில்லிமீட்டரும் இன்னோரிடத்தில் 40-ம் காட்டினால் செயின் சீராகத் தேயவில்லை, இறுக்கிப் பயனில்லை. பின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் ஆயுள் முடிந்தது. மாற்றும்போது செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் எல்லாம் செட்டாகத்தான். பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் புதுசும் சீக்கிரம் பழசாகிவிடும். நன்றாக இருந்தால் மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கம்பி பிரஷ் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களைக் கிழித்துவிடும். இன்னொன்று: வண்டியை கியரில் ஓடவிட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடித்துத் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படித் துடைத்து விரல் நுனியை இழந்த ஒருவரோடு வேலையும் பார்த்திருக்கிறேன். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ல் 23-வது வாரம் செய்தது. உங்களுடையது வண்டியோடு வந்த டயராக இருந்தால், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றும் யோசனையில் இருங்கள். ரப்பர் இறுகியிருக்கும், ஏப்ரல் மாசத்துக் குளிர் ரோட்டில் அது பிடிக்காது.

இனி உங்கள் கையால் செய்ய நான் முதலில் சொல்வது பிரேக். டிஸ்க் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155 வரை இறங்கலாம். மலைப்பாதை இறக்கத்தில் உள்ளே கொதித்துக் குமிழி வந்தால் லிவர் ஹேண்டில்பார் வரை போகும், வண்டி நிற்காது. அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கியதால் முன்னால் எப்போது மாற்றினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. மாற்றிவிடுங்கள்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். டேங்க்கின் மேல் ஈரத்துண்டு விரியுங்கள், பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் பெயின்ட்டைத் தின்றுவிடும். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில், ஆயிலை வெளியே விட இருக்கும் நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயிலுள்ள பாட்டிலில் அமிழ்த்துங்கள். லிவரை அழுத்திப் பிடி, நிப்பிளைக் கால் சுற்றுத் திற, மூடு, அப்புறம்தான் லிவரை விடு. இந்த வரிசை மாறினால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே கிண்ணத்தில் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறது, அதற்குள் காற்று புகுந்துவிட்டால் வீட்டில் வைத்து வெளியேற்றுவது பெரும்பாடு. முதலில் கடுங்காப்பி நிறத்தில் வரும். கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, விளக்கெண்ணெய் மாதிரித் தெளிவாக வரும்போது நிறுத்தலாம். டாட் 5 என்று போட்டிருக்கும் சிலிகான் ஆயிலை வாங்கிவிடாதீர்கள், அது வேறு சாதி. திறந்த பாட்டிலை அடுத்த வருஷத்துக்கென்று எடுத்து வைக்கவும் வேண்டாம்.

அதே நாளில் காலிப்பர் நகரும் பின்களையும் பாருங்கள். இங்கே ரோட்டில் கொட்டும் உப்பு அக்டோபரிலோ ஏப்ரலிலோ ஒரு முறை தெறித்தால் போதும், வெள்ளைப் பொடியாக உட்கார்ந்து பின்னைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்க பேட் மட்டும் தேய்ந்திருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். துடைத்து, பிரேக்குக்கென்று உள்ள சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள். பேட் வெளியே இருக்கும்போது லிவரைத் தொடாதீர்கள், பிஸ்டன் வெளியே வந்து நிற்கும்.

இன்ஜினைத் தொட்டே ஆக வேண்டும் என்ற ஆசை அடங்கவில்லையா? பிப்ரவரியில் டேப்பட், அதாவது வால்வுகளுக்கு மேலே விட வேண்டிய சின்ன இடைவெளியைப் பாருங்கள். இந்த இன்ஜினில் எட்டு வால்வு, எல்லாமே ஸ்க்ரூவும் லாக் நட்டுமாக இருக்கும் பழைய பாணி அட்ஜஸ்ட்மென்ட். பல பைக்குகளில் கேம்ஷாஃப்டைக் கழற்றி ஷிம் என்ற சின்னத் தகட்டை மாற்ற வேண்டியிருக்கும், இதில் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு ஃபீலர் கேஜும் பொறுமையும் போதும். முழுக்க ஆறிய இன்ஜினில்தான் அளக்க வேண்டும், அந்த விஷயத்தில் கனடாவைக் குறை சொல்ல முடியாது. மேனுவலில் சொன்ன கேஜ் தகடு நுழைந்து, இழுக்கும்போது வெண்ணெய்க்குள் கத்தி போவது மாதிரி லேசாகப் பிடிக்க வேண்டும். லாக் நட்டை முடுக்கிய பிறகு மறுபடி ஒரு முறை அளந்து பாருங்கள், முடுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பியிருக்கும். கொஞ்சம் சத்தம் வந்தாலும் பரவாயில்லை, இறுக்கமாக மட்டும் வைக்காதீர்கள். இறுக்கமான எக்ஸாஸ்ட் வால்வு சத்தமே போடாமல் கருகும்.

எவ்வளவு முடுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். எங்கள் பட்டறையில் எல்லாம் கை அளவுதான், ஆனால் அந்தக் கைகளுக்கு இருபது வருஷப் பழக்கம் இருந்தது. ஆக்சில் நட், காலிப்பர் போல்ட், ஆயில் டிரெயின் போல்ட் மூன்றையும் மேனுவல் சொல்லும் அளவுக்கே முடுக்குங்கள். கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விடுவது, ஸ்போக்குகளைத் துடைத்து மெல்லிய துரு தடுப்பு ஸ்ப்ரே அடிப்பது இதெல்லாம் பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்யலாம். அந்த ஸ்ப்ரே டிஸ்க்கிலும் டயரிலும் மட்டும் படக் கூடாது.

மார்ச் கடைசியில் வெயில் அடித்ததும் கை துறுதுறுக்கும். இரண்டு நல்ல மழை பெய்து ரோட்டு உப்பைக் கழுவும் வரை பொறுங்கள். அப்புறம் ரிப்பனைப் பிடித்துத் துணியை இழுத்துவிட்டு, டயருக்குக் காற்றுப் பார்த்து, வண்டியை வெளியே தள்ளி வந்து ஸ்டார்ட் செய்யுங்கள். கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே பத்தடி உருட்டி முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். லிவர் கல் மாதிரி நிற்க வேண்டும். பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது, வண்டியை மறுபடி கராஜுக்குள் தள்ளிவிட்டு நிப்பிளில் குழாயை மாட்டுங்கள்.