மாரத்தான் பயிற்சி, சாப்பாடு, எடை பற்றிய பயம்: கேள்வி பதில்

மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. 42.195 கிலோமீட்டர் ஓடத் துணிந்தவர்கள்கூட எடை பார்க்கும் கருவிக்குப் பயப்படுகிறார்கள். வந்திருக்கும் கேள்விகளிலும் அந்தப் பயம்தான் தெரிகிறது.

அக்கா, 16 வாரப் பயிற்சியில் பத்தாவது வாரம் இது. எடை குறையும் என்றுதான் ஓட ஆரம்பித்தேன், இரண்டு கிலோ கூடிவிட்டது. எங்கே தப்பு செய்கிறேன்?

தப்பு எதுவும் இல்லை. தூரம் கூடக் கூட, தசைகள் கார்போஹைட்ரேட்டைக் கிளைகோஜனாக அதிகம் சேமிக்கப் பழகும். ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் தங்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடும். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் தசைகளில் லேசான வீக்கம் இருக்கும், அதுவும் எடையில் சேரும். பசி கூடியதால் கொஞ்சம் கொழுப்பும் ஏறியிருக்கலாம். அதனால் குடி ஒன்றும் முழுகிவிடாது. தினமும் எடை பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள்.

எடையையும் குறைத்துக்கொண்டே மாரத்தானுக்கும் தயாராகலாமா?

வேண்டாம். ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1 கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடை உள்ளவர் 30 கிலோமீட்டர் ஓடினால் 1,800 போய்விடும். சாப்பாட்டையும் குறைத்தால், இதயம், எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்பு எல்லாவற்றுக்கும் மிச்சத்தைப் பங்குபோட வேண்டிய நிலைமை உடம்புக்கு வரும். இந்த நிலையை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு 2014இல் 'ரெட்-எஸ்' என்று பெயரிட்டு விளக்கியது. அடிக்கடி சளி, ஆறாத காயம், கெட்ட தூக்கம், எரிச்சல், பயிற்சி செய்தும் கூடாத வேகம் எல்லாம் அதன் அறிகுறிகள். மருத்துவக் காரணத்துக்காக எடை குறைக்க வேண்டியிருந்தால், பயிற்சி தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே நிதானமாகச் செய்யுங்கள்.

மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. "நல்லா ட்ரெயினிங் ஆகுறதுக்கு அதுதான் அடையாளம்" என்கிறார் கோச். உண்மையா?

இல்லை, இல்லவே இல்லை. பயிற்சி சரியாகப் போகிறது என்பதற்கு மாதவிடாய் நிற்பது ஒருநாளும் அடையாளம் ஆகாது. வருகிற ஆற்றல் போதவில்லை என்று தெரிந்தால், உடம்பு முதலில் நிறுத்துகிற வேலைகளில் இனப்பெருக்கம் ஒன்று. அதோடு ஈஸ்ட்ரோஜன் குறையும். எலும்பைக் காப்பாற்றுவது அந்த ஹார்மோன்தான். அது இல்லாத உடம்போடு வாரம் முழுக்கத் தரையில் மோதி ஓடினால், காலிலும் இடுப்பிலும் மயிரிழை முறிவுகள் வரலாம்.

அமெரிக்க ஓட்டக்காரர் மேரி கெயின் 2019இல் தன் கதையை வெளியே சொன்னார். எடையைக் குறைக்கச் சொல்லிப் பயிற்சிக் குழுவில் நெருக்கினார்கள், மூன்று வருடம் மாதவிடாய் வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன என்றார். சிறுவயதிலேயே உலக அளவில் பேசப்பட்டவருக்கே அந்தக் கதி.

இந்த வாரமே மகப்பேறு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பாருங்கள். கர்ப்பம், தைராய்டு போன்ற காரணங்கள் உண்டா என்று அவர் முதலில் பார்ப்பார். எலும்பு அடர்த்தி, இரும்புச் சத்து, வைட்டமின் டி பற்றியும் கேளுங்கள். கருத்தடை மாத்திரையால் ரத்தப்போக்கு வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததாக அர்த்தமில்லை. சாப்பாட்டைக் கூட்ட வேண்டும், ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். மருத்துவர் சொல்வதை ஏற்காத கோச்சை மாற்றிவிடுங்கள்.

ஆண்களுக்கும் இதெல்லாம் வருமா?

வரும், தம்பி. டெஸ்டோஸ்டிரோன் குறையும், பாலுணர்வு மங்கும், எலும்பும் பலவீனமாகும். மாதவிடாய் மாதிரி வெளிப்படையான எச்சரிக்கை இல்லாததால் ஆண்கள் தாமதமாகத்தான் கவனிக்கிறார்கள்.

வாட்ச் காட்டும் கலோரியை மட்டும் திரும்பச் சாப்பிட்டால் போதுமா?

அந்த எண்ணை நம்பாதீர்கள். ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலும் சரியாகவே காட்டின. கலோரிக் கணக்கிலோ, ஆகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது.

நீண்ட ஓட்டத்தில் ஏதாவது சாப்பிட்டால் வயிறு புரட்டுகிறது. வெறும் தண்ணீரோடு ஓடலாமா?

வயிற்றையும் பழக்க வேண்டும். ஒரு மணிநேரத்துக்கு 30 முதல் 60 கிராம் கார்போஹைட்ரேட் இலக்கு. இரண்டரை மணிநேரத்துக்கு மேல் ஓடுபவர்கள், குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்ததாக எடுத்தால் 90 வரை போகலாம். முதலில் 20 கிராமில் தொடங்கி, வாரந்தோறும் கொஞ்சம் கூட்டுங்கள். போட்டி அன்று புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள், அளவுக்கு மீறினால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

கடைசி இரண்டு நாள் 'கார்ப் லோடிங்' செய்தால் வயிறு உப்பிவிடும். போட்டோ எல்லாம் எடுப்பார்களே?

எடுக்கட்டும். அந்த ஒன்றிரண்டு கிலோ, 30ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு உங்களை ஓட வைக்கப்போகும் எரிபொருள். பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 கிராம் கார்போஹைட்ரேட். நார்ச்சத்தைக் குறைத்துக்கொண்டால் உப்புசமும் குறையும். உடையைப் பற்றிக் கவலை என்றால், வயிற்றை இறுக்காத உடையில் இரண்டு நீண்ட ஓட்டம் ஓடிப் பார்த்து அதையே போட்டுக்கொள்ளுங்கள்.

ஓடாத நாளில் சாப்பிட்டால் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. ராத்திரி நிறையச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலில் வலி இருந்தாலும் ஓடித் தீர்க்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

என்னிடம் சொன்னதற்கு நன்றி. சாப்பிட்டதற்குத் தண்டனையாக ஓடுவது உண்ணல் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம். மன உறுதி குறைவு என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். பட்டினிக்குப் பிறகு பெரும்பசி வருவது உடம்பின் இயல்பு. இதற்குச் சிகிச்சை உண்டு, குணமாகிறவர்கள் நிறைய.

மருத்துவரிடமும், உண்ணல் கோளாறு தெரிந்த மனநல நிபுணரிடமும் போங்கள். என்ன பேசுவது என்று தயக்கமாக இருந்தால், மேலே எழுதிய உங்கள் வரிகளையே காட்டுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கும் தெரியட்டும். கால் வலி தீரும்வரை ஓட வேண்டாம். ஓடாத நாளிலும் மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். போட்டிக்குப் பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், பதிவை அடுத்த முறைக்கு மாற்றித் தருவார்களா என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள். மாற்றாவிட்டாலும் இந்த முறை ஓடாதீர்கள்.