ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம், சரி, மயிலைச் சுட?

கேள்வி: நாங்கள் கோவை புறநகரில் ஒரு லே-அவுட்டில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர். கொல்லையிலும் மாடியிலும் காய்கறி போட்டிருக்கிறார். மயில் வந்து தக்காளியையும் கீரையையும் கொத்துகிறது என்று ஏர் கன் வாங்கிச் சுடுகிறார். அணில், பூனை என்று எது வந்தாலும் சுடுகிறார். எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒருநாள் ஓட்டை விழுந்தது. எங்கள் பூனை நொண்டிக்கொண்டு வந்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால் தோள்பட்டைக்குள் குண்டு. போன வாரம் ஒரு பெண் மயில் எங்கள் பக்கம் வந்து விழுந்து செத்தது. பாவம் என்று எலுமிச்சை மரத்தடியில் புதைத்து, மஞ்சள் தெளித்து, கற்பூரம் ஏற்றினோம். அவரிடம் கேட்டால், “இதுக்கு லைசென்ஸே வேண்டாமுங்க. என்ற காம்பவுண்டுக்குள்ள சுடறேன். நீங்க கம்பு போட்டு மயிலை வளர்க்கறதாலதான் எனக்கு இந்தத் தலைவலி” என்கிறார். கம்பு போடுவது உண்மைதான். ஸ்டேஷனில் “அக்கம்பக்கத்துல பேசித் தீர்த்துக்கோங்க” என்று அனுப்பிவிட்டார்கள். மகள் துணி காயப்போட மாடிக்குப் போகவே பயப்படுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கவலை தந்தது துப்பாக்கி அல்ல, அந்த எலுமிச்சை மரத்தடிதான். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மயில், வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதலாம் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. அந்தச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, சட்டவிரோதமாகக் கொல்லப்பட்ட காட்டுயிரும் சரி, செத்துக் கிடந்த காட்டுயிரும் சரி, அரசின் சொத்து. அது யார் கைக்கு வருகிறதோ அவர் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். அனுமதியில்லாமல் வைத்துக்கொள்ளவும் கூடாது, அழிக்கவும் கூடாது. நீங்கள் மஞ்சள் தெளித்து மரியாதையாகத்தான் புதைத்தீர்கள். ஆனால் வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் கற்பூரத்தைப் பற்றியா கேட்பார்? “மயில் எங்கே கிடைத்தது? உங்கள் தோட்டத்தில். குழி தோண்டியது யார்? நீங்கள். ஒரு வாரம் யாருக்கும் சொல்லவில்லை, இல்லையா?” என்றுதான் கேட்பார். பக்கத்து வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, “அவங்கதான் கம்புல மருந்து வெச்சுக் கொன்னு புதைச்சுட்டாங்க” என்று ஒரு மனு கொடுத்துவிட்டால், விளக்கம் சொல்லும் இடத்தில் நீங்கள் நிற்க வேண்டியிருக்கும்.

அதனால் உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கு நீங்களே போய் எழுத்துப்பூர்வமாகச் சொல்லிவிடுங்கள். கெடு தாண்டிவிட்டதுதான். ஆனாலும் தானாக வந்து சொன்னவருக்கும் சோதனையில் சிக்கியவருக்கும் அதிகாரிகள் பார்வையில் பெரிய வித்தியாசம் உண்டு. என்றைக்கு விழுந்தது, எங்கே புதைத்தீர்கள், சட்டம் தெரியாமல் செய்துவிட்டோம் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். ஒரு வக்கீலை உடன் அழைத்துப் போவது நல்லது. அவர்கள் வந்து தோண்டி எடுத்துப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பினால், உடலுக்குள் இருக்கும் ஈயக் குண்டு உங்களுக்காகப் பேசும்.

இனி அவர் சொல்லும் லைசென்ஸ் வாதம். பாதி சரி. ஆயுத விதிகள் 2016-இன்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்குள், அதாவது 4.5 மி.மீ.க்குள், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று தாண்டினாலும் உரிமம் வேண்டும். ‘பாயிண்ட் டூ டூ’ என்று சொல்லும் 5.5 மி.மீ. ஏர் கன் வைத்திருந்தால் அவருடைய வாதம் அங்கேயே படுத்துவிடும். தொட்டிக்குள்ளோ மாடித் தரையிலோ குண்டு கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். உடுக்கை போல நடு ஒடுங்கிய சின்ன ஈயத் துண்டு, அடிபட்டு நசுங்கியிருக்கலாம். கிடைத்தால், கிடந்த இடத்திலேயே பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்துவிட்டு, ஒரு கவரில் போட்டு, தேதி, நேரம் எழுதி ஒட்டி வையுங்கள். கழுவவோ சுரண்டவோ வேண்டாம்.

சரி, அது 4.5 மி.மீ.தான் என்றே வைத்துக்கொள்வோம். உரிமம் வேண்டாம் என்பது துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதற்கு. எதைச் சுடலாம், குண்டு எங்கே போய் விழலாம் என்பதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. அரிவாள் வைத்திருக்க உரிமம் தேவையில்லை என்பதற்காக யாரும் பக்கத்து வீட்டு வாழையை வெட்டப் போவதில்லையே.

மயிலைச் சுட்டதற்கு அவர் சொல்லும் காரணம் கீரை. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. இரண்டாம் அட்டவணை விலங்கு மனித உயிருக்கோ, பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்தானால் வேட்டைக்கு அனுமதி தரலாம். முதலாம் அட்டவணை விலங்குக்குப் பயிர்ச் சேதம் ஒரு காரணமே இல்லை. மனித உயிருக்கு ஆபத்தாக இருக்க வேண்டும், அல்லது அந்த விலங்கு தேற முடியாத நோயிலோ ஊனத்திலோ இருக்க வேண்டும். அப்போதும் முதன்மை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் ஆணை தர வேண்டும். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி விஷயத்தில் விவசாயிகள் எத்தனையோ வருடம் போராடி, 2025 தொடக்கத்தில் தமிழக அரசு ஒரு வழி திறந்தது. அதிலும் காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ. தாண்டிய இடத்தில் வனத்துறையினர் சுடலாம் என்றுதான் இருக்கிறதே தவிர, தோட்டக்காரர் கையில் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. அப்படியிருக்க, பத்துத் தொட்டித் தக்காளிக்கு மயிலைச் சுட்டதாகச் சொன்னால் எந்த நீதிமன்றமும் கேட்காது.

தண்டனையும் லேசானதல்ல. முதலாம் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் குறைந்தது 25,000 ரூபாய். ‘வேட்டை’ என்றால் கொன்றால்தான் என்றில்லை. காயப்படுத்துவதும், குறி வைத்துத் தவறவிட்ட முயற்சியும் சேரும். சொந்தக் காம்பவுண்டு, பொதுக் காடு என்ற பேதமும் இல்லை.

அணிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960, மனிதர் தவிர்ந்த எல்லா உயிருக்கும் பொருந்தும். ஆனால் அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். நீதிமன்றத்துக்குப் போகும் பஸ் டிக்கெட்டே அதைவிட அதிகம். புகாரில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதை நம்பி இருக்க வேண்டாம்.

பூனை விஷயம் வேறு. அது நீங்கள் வளர்க்கும் பூனை. வளர்ப்பு விலங்கைக் கொல்வது, ஊனப்படுத்துவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். எக்ஸ்ரே படத்தையும், அதில் தேதி போட்டு மருத்துவர் கையெழுத்திட்ட சான்றையும் வாங்கி வையுங்கள். தோள்பட்டைக்குள் தெரியும் அந்த வெள்ளைப் புள்ளி, மாடியில் கிடைத்த குண்டின் அளவோடு ஒத்துப்போனால் அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஸ்டேஷனில் ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. “மயிலைச் சுடறாருங்க, அணிலைச் சுடறாருங்க” என்று தொடங்கியிருப்பீர்கள். எழுத்தர் அதை வேலிச் சண்டைக் கணக்கில் சேர்த்திருப்பார். மறுபடி போகும்போது குண்டில் ஆரம்பியுங்கள். இப்படி எழுதலாம்:

“இம்மாதம் இன்ன தேதி காலை சுமார் 7 மணிக்கு மேற்படி நபர் தன் வீட்டு மாடியிலிருந்து சுட்ட குண்டு, எங்கள் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியைத் துளைத்தது. அந்த இடத்தில்தான் என் மகள் தினமும் துணி காயப்போடுவாள். குண்டும் புகைப்படமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.”

தேதி, நேரம், இடம், ஆள். ‘அடிக்கடி’, ‘எப்போதும்’ போன்ற சொற்களைத் தவிருங்கள். குறுக்கு விசாரணையில் முதலில் உதிர்வது அவைதான்.

மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக நடப்பது நியாய சன்ஹிதா 125ஆம் பிரிவுக் குற்றம். யாருக்கும் அடிபடாவிட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம். காயம் பட்டால் கூடும். தண்டனை சின்னதாகத் தெரியலாம். ஆனால் இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. நடைமுறையில் முதலில் மனு ரசீது தருவார்கள், நாம் சி.எஸ்.ஆர். என்கிறோமே, அது. அதை வாங்காமல் வெளியே வராதீர்கள். அதன் பிறகும் அசையவில்லை என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)இன் கீழ் எஸ்.பி. மட்டத்துக்குப் புகாரைத் தபாலில் அனுப்பலாம். உங்கள் பகுதி மாநகர எல்லைக்குள் என்றால் ஆணையர் அலுவலகம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.

சிசிடிவி வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது யோசனை சொல்லுவார்கள். வையுங்கள், உங்கள் மாடியையும் தொட்டியையும் மட்டும் பார்க்கும்படி. அவர் வீட்டுக் கொல்லைக்குள் எட்டிப் பார்க்கிற கேமரா அவருக்கு ஒரு புதுப் புகாரை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுக்குச் சொல்லியிருக்கும் சான்றை இணைக்க வேண்டும்.

சிவில் வழக்குப் போட்டு முன்சீப் கோர்ட்டில் நிரந்தரத் தடையாணை கேட்கவும் வழி உண்டு. ஆனால் காம்பவுண்டுச் சுவர் ஒன்றாக இருப்பவர்களுக்கு நான் அதைக் கடைசியாகத்தான் சொல்வேன். சம்மன் அவர் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தக்காளி அறுவடை முடிந்துவிடும். அதற்கு முன் வட்ட சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுத்து, இருவரையும் உட்கார வைத்துப் பேசச் சொல்லலாம். கட்டணம் கிடையாது. மனு கொடுப்பவர் பெண் என்றால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி பெற அவருக்கு உரிமை இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: அங்கே குண்டு பாயும் பிரச்சினையைப் பேசித் தீர்க்கலாம், மயில் வழக்கைத் தீர்க்க முடியாது. அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான வழக்கே அல்ல, அரசுக்கும் அவருக்கும் இடையிலானது. “வனத்துறைக்குச் சொல்ல மாட்டேன், நீங்கள் சுடாதீர்கள்” என்று பேரம் பேசிவிடாதீர்கள்.

பேச உட்காரும்போது கம்பு விஷயம் வரும். அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. தினம் விடிந்தால் கம்பு கிடைக்கும் இடத்துக்கு மயில் கூட்டமாகத்தான் வரும். கம்பை உங்களிடம் தின்றுவிட்டு, கீரைக்கு அந்தப் பக்கம் தாவும். இன்றே நிறுத்துங்கள். அவருக்கு நைலான் வலை போட பாதிச் செலவு தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். மாடித் தோட்டத்துக்கு வலையைவிட நல்ல காவல் நான் பார்த்ததில்லை. கொல்லையில் வேலியோரம் பழைய சேலையைக் கட்டட்டும், தகரத்தைத் தட்டட்டும். விரட்டுவதை யாரும் கேட்க மாட்டார்கள். எலிக்குப் பொறி வைப்பதையும் கேட்க மாட்டார்கள்.

இந்த வரிசையில் போங்கள்: திங்கட்கிழமை காலை வனச்சரக அலுவலகம், அங்கே மனு கொடுத்த நகலில் முத்திரை, அந்த நகலோடு மதியம் ஸ்டேஷன். அதுவரை மகள் துணியைக் கீழேயே காயப்போடட்டும். எலுமிச்சை மரத்தடியில் யாரும் கைவைக்க வேண்டாம், தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.