போர்டு மாட்டுவதற்கு முன்: அபார்ட்மென்ட் நடத்தை விதிகள் – கேள்வி பதில்

அடுக்குமாடிக் குடியிருப்பில் பொது இடத்தில் எப்படி நடந்துகொள்வது, அதற்கு எப்படி விதி எழுதுவது என்பதுதான் இன்றைக்குப் பேச்சு. சென்னையில் ஒரு நடுத்தர அசோசியேஷனில் செயலாளராகக் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். பில்டர் மேல் கேஸ், லிஃப்ட் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்), சம்ப் கிளீனிங் இதெல்லாம் இங்கே வேண்டாம்.

போரூர்: எந்நேரமும் யாராவது ட்ரில்லிங் போடுகிறார்கள். ‘அமைதி காக்கவும்’ என்று போர்டு வைத்தும் பலனில்லை.

எப்படிப் பலன் இருக்கும்? அது வேண்டுகோள். ட்ரில்லிங் போடுகிறவரும் தன்னை அமைதியான ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். வாட்ச்மேன் படித்துப் பார்த்துவிட்டு ‘மீறிட்டாங்க’, ‘மீறல’ என்று சொல்ல முடிந்தால்தான் அது விதி. நாங்கள் எழுதியது இது: “சுவர் உடைத்தல், துளை போடுதல், டைல்ஸ் வெட்டுதல், மர வேலை ஆகியவை திங்கள் முதல் சனி வரை காலை 10 முதல் 1 வரை, மாலை 3 முதல் 6 வரை மட்டும். ஞாயிறும் பண்டிகை நாளும் கிடையாது. வீட்டு எண்ணையும் எத்தனை நாள் வேலை என்பதையும் முந்தின நாளே கேட் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும்.”

மதியம் இரண்டு மணி நேரம் விட்டது கைக்குழந்தைகளுக்காகவும் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்களுக்காகவும். இதில் நிஜமாக வேலை செய்தது கடைசி வரிதான். ‘நாலு நாள்’ என்று ரெஜிஸ்டரில் பார்த்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார். எப்போது முடியும் என்றே தெரியாத சத்தத்துக்குத்தான் சண்டை வருகிறது.

இன்னொன்று. இன்றைக்கு இதைப் பலமுறை சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றுங்கள். செயலாளர் லெட்டர்பேடில் எழுதி ஒட்டியதெல்லாம் விதி ஆகாது.

ஆவடி: மொட்டை மாடியில் நள்ளிரவு வரை பிறந்தநாள் பார்ட்டி, ஸ்பீக்கர். என்ன செய்வது?

இதற்கு நீங்கள் புதிதாக விதி எழுதவே வேண்டாம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளே இருக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. முதலில் இன்டர்காமில் தன்மையாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் கமிட்டி உறுப்பினர் ஒருவர் நேரில் போக வேண்டும். தயவுசெய்து வாட்ச்மேனை அனுப்பாதீர்கள். ஓனரை எதிர்த்துப் பேசினால் மறுநாள் அவர் வேலைக்குத்தான் ஆபத்து. அதற்கும் அடங்கவில்லையென்றால் 100.

தீபாவளி வெடிக்கும் இதே பதில். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை 6–7, இரவு 7–8 என்று அரசே நேரம் குறித்திருக்கிறது.

தாம்பரம்: நாய் வளர்க்கக் கூடாது என்று பெரும்பான்மையோடு தீர்மானம் போடலாமா?

முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. மொத்த வீடும் கை தூக்கினாலும் செல்லப் பிராணிக்குத் தடை போட முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. பொது இடத்தில் கயிறு பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும், அசிங்கம் செய்தால் வளர்ப்பவர் அள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முக்கால்வாசிப் புகார் அந்த இரண்டாவதில்தான்.

வேளச்சேரி: வேலைக்கு வருகிறவர்களும் டெலிவரி ஆட்களும் சர்வீஸ் லிஃப்டில்தான் போக வேண்டும் என்று போர்டு வைத்திருக்கிறோம். சிலர் ஆட்சேபிக்கிறார்கள். வாசகத்தைக் கொஞ்சம் நாசூக்காக மாற்றித் தர முடியுமா?

முடியாது சார். சிக்கல் வாசகத்தில் இல்லை. அந்த போர்டு ‘இதைச் செய்யாதே’ என்று சொல்லவில்லை, ‘நீ ஏறாதே’ என்று சொல்கிறது. நடத்தைக்கு விதி வைக்கலாம், ஆளுக்கு வைக்கக் கூடாது. அந்த போர்டைக் கழற்றுங்கள்.

வேளச்சேரி (மறுபடியும்): இது சாதி, அந்தஸ்து எதுவும் இல்லை. சுத்தம்தான் காரணம். குப்பை வாளியோடு ஏறுகிறார்கள், தண்ணீர் ஒழுகுகிறது.

அப்படியென்றால் வாளியைப் பற்றி எழுதுங்கள். “குப்பை, சிமென்ட் மூட்டை, ஃபர்னிச்சர், கேஸ் சிலிண்டர் எடுத்துச் செல்பவர் யாராக இருந்தாலும் சர்வீஸ் லிஃப்ட். குப்பை வாளிக்கு மூடி கட்டாயம்.” யாராக இருந்தாலும் என்றால் நீங்களும்தான். ஞாயிற்றுக்கிழமை நீங்களே குப்பை கொண்டுபோனால் சர்வீஸ் லிஃப்டில் போவீர்களா? போவீர்கள் என்றால் சுத்தம்தான் காரணம், ஒப்புக்கொள்கிறேன். வெறுங்கையோடு வருகிற அக்கா மெயின் லிஃப்டில் ஏறினால் எது ஒழுகுகிறது?

அண்ணா நகர்: குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எங்களிடமும் இதே போர்டு. அப்பாவுக்கு வீல் சேர். பார்த்துக்கொள்கிற அட்டெண்டர் தள்ளிக்கொண்டு வந்தால் செக்யூரிட்டி நிறுத்துகிறார். அப்பா மெயின் லிஃப்ட், அட்டெண்டர் சர்வீஸ் லிஃப்டாம். அப்பாவைத் தனியாக உள்ளே தள்ளிவிட்டு அவர் அந்தப் பக்கம் ஓட வேண்டுமா?

இதற்கு மேல் நான் என்ன விளக்கம் சொல்ல?

பெருங்குடி: செயலாளர் சார் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறார். காசு போட்டு வாங்கியவர்கள் நாங்கள். லிஃப்ட் மெயின்டனன்ஸ் நாங்கள் கட்டுகிறோம். வீட்டின் மதிப்பு என்று ஒன்று இருக்கிறது.

மெயின்டனன்ஸ் கட்டுகிறீர்கள், சரி. உங்கள் வீட்டுக்கு வருகிற மாமாவும் மச்சானும் ஒரு பைசா கட்டுவதில்லை, அவர்கள் எந்த லிஃப்டில் வருகிறார்கள்? உங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவர் உங்களுக்காகத்தான் வருகிறார். நீங்கள் கட்டும் பணத்தில் அவர் ஏறி இறங்குவதும் அடக்கம்.

மதிப்பைப் பற்றியும் சொல்கிறேன். சர்வீஸ் லிஃப்ட்தான் அதிகம் ரிப்பேர் ஆகும், ஏனென்றால் செங்கல், மணல் எல்லாம் அதில்தான் ஏறுகிறது. அது நின்றுபோன நாளில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் விளக்குமாறும் மாப்புமாக ஆறாவது மாடிக்கு ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மெயின் லிஃப்ட் காலியாக மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. வீடு வாங்க வந்தவர் இதைப் பார்த்தால் விலை ஏறுமா, இறங்குமா, நீங்களே சொல்லுங்கள்.

பெருங்குடி: உணர்ச்சிவசப்படாமல் பேசுங்கள். பெரும்பான்மை முடிவு என்று ஒன்று உண்டு.

உண்டு. மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறதா? “வேலை செய்பவர்கள் எங்களோடு ஒரே லிஃப்டில் ஏறக் கூடாது” என்று முன்மொழிந்தவர் பெயர், வழிமொழிந்தவர் பெயரோடு எழுதி, கீழே எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள், பார்க்கலாம். நான் பார்த்தவரையில் இந்த போர்டு இருக்கும் இடங்களில் தீர்மானம் இருப்பதில்லை. யாரோ ஒருவர் ஏ4 பேப்பரில் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து மாட்டியதாகத்தான் இருக்கும். யாருக்கும் அதில் பெயர் போட மனசு வராது.

இந்தப் பேச்சை இதோடு நிறுத்துகிறேன், வரிசையில் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.

குரோம்பேட்டை: நாய்க்குத் தனியாக லிஃப்ட் கட்டணம்…

தாம்பரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மடிப்பாக்கம்: பேச்சிலர்களுக்கு வீடு தரக் கூடாது என்று விதி வைக்கலாமா? பசங்க ராத்திரியெல்லாம் கூச்சல்.

கூச்சலுக்கு ஆவடி பதில். குடும்பஸ்தர் கூச்சல் போட்டாலும் அதேதான். ஆளுக்கு விதி கூடாது என்று இப்போதுதானே தொண்டை வறளச் சொன்னேன்?

திருவான்மியூர்: பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள். வாசனை தாங்க முடியவில்லை.

எக்ஸாஸ்ட் ஃபேன் காரிடார் பக்கம் திரும்பியிருந்தால் வெளிச்சுவர் பக்கம் மாற்றச் சொல்லுங்கள், அது நியாயம். என்ன சமைக்கலாம் என்று சொல்வது உங்கள் வேலை இல்லை.

பல்லாவரம்: வாடகைக்கு இருப்பவர் விதிகளை மதிப்பதில்லை. தண்ணீர் கனெக்‌ஷனை நிறுத்தினால் வழிக்கு வருவார் என்று கமிட்டி சொல்கிறது.

கூடவே கூடாது. தமிழ்நாட்டில் 2019 முதல் அமலில் இருக்கும் வாடகைதாரர் சட்டம், வீட்டு உரிமையாளரோ கட்டடத்தைப் பராமரிப்பவரோ தண்ணீர், மின்சாரம் மாதிரி அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைத் தடை செய்கிறது. அவர் புகார் கொடுத்தால் நீங்கள்தான் கைகட்டி நிற்க வேண்டியிருக்கும். உரிமையாளருக்குக் கடிதம் எழுதுங்கள், பைலாவில், அதாவது அசோசியேஷனின் சட்டதிட்டங்களில், அபராதம் இருந்தால் விதியுங்கள். பைலாவில் இல்லாத அபராதத்தை வசூலிக்காதீர்கள். பாக்கிக்காரர் பெயரை நோட்டீஸ் போர்டில் சிவப்பு மையில் எழுதுவதையும் விடுங்கள். அதனால் பாக்கி வந்ததை நான் பார்த்ததில்லை, பகை வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அம்பத்தூர்: பிள்ளைகள் கார் பார்க்கிங்கில் கிரிக்கெட் ஆடிக் கண்ணாடியை உடைக்கிறார்கள். விளையாட்டையே தடை செய்துவிடலாமா?

அப்புறம் எங்கே ஆடுவார்கள், செல்போனிலா? மாலை 5 முதல் 7 வரை, டென்னிஸ் பந்து அல்லது ரப்பர் பந்து, கார் நிற்காத பக்கம். பந்து கார் மேல் பட்டால் அந்த ஓவரோடு ஆட்டம் நிற்கும். கடைசி விதியைப் போட்டது எங்கள் வளாகத்துப் பிள்ளைகளேதான். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து எழுதச் சொன்னோம். நாங்கள் எழுதியிருந்தால் இவ்வளவு கறாராக எழுதியிருக்க மாட்டோம். அந்தப் பேப்பரை மட்டும் இதுவரை யாரும் கிழிக்கவில்லை.

சோழிங்கநல்லூர்: மெயின்டனன்ஸ் 7500ஐத் தாண்டினால் ஜிஎஸ்டி…

ஆடிட்டர்.

முகப்பேர்: சார், நாய்…

தாம்பரம்! தெருநாய் என்றால் மட்டும் ஒரு வரி: 2023 விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, சோறு வைக்கும் இடத்தை அசோசியேஷன்தான் ஒதுக்க வேண்டும். பிள்ளைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் பக்கம் வேண்டாம்.

ஊரப்பாக்கம்: போன வாரம்தான் செயலாளர் ஆனேன். அடுத்த மாதம் பொதுக்குழு. எல்லா விதியையும் ஒரே கூட்டத்தில் முடித்துவிட நினைக்கிறேன். ஆலோசனை?

வாழ்த்துகள், அனுதாபங்கள். எல்லாம் வேண்டாம், நாலைந்து விதி போதும். வரைவை முன்கூட்டியே எல்லா வீட்டுக்கும் கொடுங்கள், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் சேர்த்து. ஓட்டு இல்லையென்றாலும் அவர்களும்தான் அங்கே வாழ்கிறார்கள். பார்க்கிங்கை அஜெண்டாவில் கடைசியில் வையுங்கள், முதலில் எடுத்தால் வேறு எதுவும் நடக்காது. மினிட்ஸை அங்கேயே எழுதி, அங்கேயே படித்துக்காட்டி, அங்கேயே கையெழுத்து வாங்குங்கள். போண்டா காபியைக் கையெழுத்துக்கு அப்புறம் கொடுங்கள். முன்னாடியே கொடுத்தால் கோரம் (கூட்டம் செல்லுபடியாக இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) கலைந்துவிடும்.