கொழும்புத் தமிழ்ப் பெண்களில் லெஸ்பியன் வரலாறு என்று ஏதும் இருக்கிறதா? எங்கே தேடுவது?

கேட்டவர் ஏதோ பல்கலைக்கழகக் கட்டுரை எழுதுகிறார் போல. அப்படியென்றால் சுவடிகள் காப்பகத்தில் போய்க் குந்தாதீர்கள். நான் ஒரு மழைக்காலம் முழுக்கக் குந்தினேன்.

நான் எழுதி நடிக்கிறவள். தனியாள் நாடகம் ஒன்றுக்காக வழக்குக் கோப்புகளைத் தேடினேன். மடத்தனம். ஒருபால் உறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு 1995 வரை ஆண்களை மட்டும்தான் சொன்னது. அந்த வருடத் திருத்தத்தில் தூக்கிவிடுவார்கள் என்று பார்த்தால், 'ஆண்' இருந்த இடத்தில் 'ஆள்' என்று போட்டு எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு முந்திய காலத்தில் நம் பெண்கள் மேல் அந்தப் பிரிவில் வழக்கில்லை, ஆகவே காகிதமும் இல்லை.

கடைசியில் கிடைத்தது வெள்ளவத்தையில், அம்மாவின் பெரியம்மா அலுமாரியில். ஒரு கணக்குக் கொப்பி. அவவும் ரீச்சர் அன்ரியும் ஒரே வீட்டில் 31 வருடம். மாவும் மீனும் இரண்டு கையெழுத்தில் மாறி மாறி. தமிழருக்கெதிரான கலவரம் தொடங்கிய 1983 யூலை 24க்குப் பிறகு ஏழு வாரம் வெறும் பக்கம். திரும்பத் தொடங்கும் இடத்தில்: பூட்டு 1, கட்டில் 1.

கையில் காசில்லாமல் ஒரு கட்டில் வாங்கியிருப்பார்கள் என்று கீழே யாராவது எழுதுவீர்கள். இருக்கலாம். நானும் மேடையில் அந்தச் சொல்லைச் சொல்லவேயில்லை, பக்கத்தை வாசித்தேன், அவ்வளவுதான். பெயரையும் ஒழுங்கையையும் மாற்றியும், "செத்தவளைச் சந்திக்கு இழுக்கிறியே பிள்ளை" என்று ஒரு மாமி இன்னும் என்னோடு கதைப்பதில்லை. அந்த மாமி எழுதிக் கொடுத்த மரண அறிவித்தலில் இலண்டன், கனடா மருமக்கள் வரை எல்லாரும் இருக்கிறார்கள். ரீச்சர் அன்ரி, "உற்றார் உறவினர் நண்பர்கள்" என்கிற கடைசி வரிக்குள் எங்கேயோ. பழைய பேப்பர்களில் நீங்களும் அங்கேயிருந்து தொடங்குங்கள்.

வரலாறு இருக்கட்டும், இப்போது வெள்ளவத்தையில் இரண்டு பெண்களுக்கு ஒரு அனெக்ஸ் எடுத்துப் பாருங்கள். ஒரு வருட வாடகை மொத்தமாக முன்பணம், தண்ணிக் காசு வேறு, ஆறு மணிக்குப் பிறகு ஆட்கள் வரக்கூடாதாம். போன மாதம் ஒரு வீட்டுக்காரர், "ரெண்டு பேரும் என்ன முறை?" என்று கேட்டார். ஒன்றுவிட்ட சகோதரிகள் என்றோம். முன்பணத்தில் ஒரு சதம் குறைக்கவில்லை மனுசன்.