வழியில் நின்ற வண்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களிடம் அப்பா காலத்துப் பழைய கார் ஒன்று உள்ளது. அண்மையில் வழியில் அதன் ரேடியேட்டர் மேல் ஹோஸ் வெடித்தபோது, முன்பு அவர் செய்ததைப் போலவே சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றி, தண்ணீர் நிரப்பி ஓட்டினேன். அவர் அப்படியே வீடு வந்து சேர்ந்தார். எனக்கோ பத்தே நிமிடத்தில் கட்டு பிய்த்துக்கொண்டது. எங்கே தவறினேன்?

பதில்: அப்பா செய்ததில் பாதியைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கட்டுப் போட்ட கையோடு அவர் ரேடியேட்டர் மூடியையும் தளர்த்தி வைத்திருப்பார். அந்த மூடி தண்ணீர் சிந்தாமல் காப்பதோடு, உள்ளே அழுத்தத்தையும் தேக்கி வைக்கிறது. அந்த அழுத்தத்தால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அதே அழுத்தம்தான் உங்கள் கட்டையும் பிய்த்தது. பழைய மூடிகளைத் திருப்பினால் முதலில் ஓரிடத்தில் தடுத்து நிற்கும். அங்கே விட்டால் மூடி கழன்று விழாது, ஆனால் அழுத்தம் வெளியேறிவிடும். என்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் மூடியைத் தொட வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கட்டுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. ஹோஸை ஈரமும் எண்ணெயும் இல்லாமல் துடைத்துவிட்டு, விரிசலுக்கு இரண்டு விரல்கடை முன்பாகவே தொடங்கி, டியூபை இழுத்துப் பிடித்தபடி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடுமாறு சுற்றி, இரு முனைகளையும் கம்பியால் முறுக்க வேண்டும். சூடான என்ஜினில் குளிர்ந்த நீரைச் சட்டென்று ஊற்றினால் என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டே விரிசல் விடக்கூடும் என்பதால், அரைமணி நேரமாவது பொறுத்திருந்து, சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

அழுத்தம் இல்லாத தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடுமாதலால், மெதுவாகத்தான் போக வேண்டும். வண்டியில் ஹீட்டர் இருந்தால், வேர்த்தாலும் பரவாயில்லை என்று முழுவேகத்தில் போட்டுவிடுங்கள், அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். வெப்பமானியின் முள் ஏறினால் நிறுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது திடீரென்று இறங்கினாலும் நிறுத்த வேண்டும். சென்சார் இருக்கும் இடத்தில் தண்ணீரே இல்லாமல் போயிருக்கலாம். முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றினால் ஓட்டை அடைபடும் என்பார்கள். அடைபடும்தான், ஆனால் அது ஓட்டையோடு நிற்காமல் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

கேள்வி: கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டால் வண்டியை ஓட்டவே முடியாதா?

பதில்: முடியும், ஆனால் வழியில் அடிக்கடி நிற்கக் கூடாது. முன்னால் ஆளோ வண்டியோ இல்லை என்று பார்த்துக்கொண்டு, என்ஜின் அணைந்திருக்கும்போதே முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பும். இரண்டாம் கியருக்கு மாற்ற, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவாறே நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, என்ஜினின் சத்தம் தணியும் வரை ஒரு நொடி காத்திருந்து, கியர் லீவரை விரல்களால் மென்மையாகத் தள்ளினால், வேகம் ஒத்துவரும் நேரத்தில் தானாக விழும். கரகரவென்று சத்தம் வந்தால் அழுத்தாதீர்கள். இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள். நிறுத்த வேண்டுமென்றால் நியூட்ரலுக்கு வந்து பிரேக் போடுங்கள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பேட்டரி பெருமளவு கரைகிறது என்பதால், சற்றுச் சுற்றாக இருந்தாலும் சிக்னல் குறைந்த பாதையே நல்லது.

கேள்வி: ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கலாம் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: கூடாது. ஃபியூஸ் உருகுவதே ஒயர் உருகாமல் இருப்பதற்காகத்தான். அந்தத் தாள் உரிய நேரத்தில் உருகாமல் போனால், டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் எரியும். ரேடியோவுக்கோ வேறு அவசியமற்ற ஒன்றுக்கோ உள்ள அதே ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றிப் போடுங்கள். அதுவும் போனால் எங்கோ ஷார்ட் ஆகிறது, மூன்றாவதைத் தேடாதீர்கள்.

கேள்வி: பிரேக் ஆயில் குழாய் கசிந்தால் அந்த ஒரு சக்கரத்துக்கான குழாயை மட்டும் நசுக்கி அடைத்துவிட்டு வீடு வரலாமா?

பதில்: வேண்டாம். பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்றில்தான் ஆயில் ஓடுகிறது; நசுக்கிய இடம் விட்டுப்போனால் நான்கிலும் பிரேக் இருக்காது. கயிறு கட்டி இழுக்கவும் ஒப்பாதீர்கள், முன்னால் இழுப்பவர் பிரேக் பிடித்தால் நீங்கள் அவர் வண்டியின் மீதுதான் போய் நிற்பீர்கள். வண்டியை மேலே ஏற்றிச் செல்லும் மீட்பு லாரியை வரவழையுங்கள்.