ரயில் சத்தத்தோடு போட்டி வேண்டாம்

கேள்வி: என் வயது 24. தினமும் செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறேன். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். அவ்வளவு நேரமும் காதில் இயர்பட்ஸ்தான். ரயில் சத்தத்தில் பாட்டு சரியாகக் கேட்காது என்பதால் வால்யூமைக் கிட்டத்தட்ட முழுதாக வைத்துக்கொள்கிறேன். சில நாள் இரவில் காதில் ‘கொய்ங்’ என்று ஒரு சத்தம் வருகிறது, காலையில் போய்விடுகிறது. “செவிடாகத்தான் போகப்போறே” என்று அம்மா திட்டுகிறார். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கினால் சரியாகிவிடுமா? இரவில் பாட்டுக் கேட்டபடியே தூங்குவேன், அதுவும் தப்பா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செங்கல்பட்டு)

பதில்: அம்மா சொல்வதில் பாதி சரி. ஒரு நாள் காலையில் எழுந்ததும் உலகமே நிசப்தமாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சத்தத்தால் வரும் பாதிப்பு அப்படி வராது. நமக்கே தெரியாமல், வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சு ஒலிகளில்தான் கேட்கும் திறன் முதலில் குறையும். அப்போதும் பாட்டு கேட்கும், பேச்சு கேட்கும். ஆனால் கல்யாண வீட்டிலோ ஹோட்டலிலோ எதிரே இருப்பவர் பேசுவது “கேக்குது, ஆனா புரியலை” என்று ஆகும். ஸ, ஷ, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடுவதுதான் காரணம்.

உங்கள் பிரச்சினை பாட்டு அல்ல, ரயில். ஜன்னல் திறந்த பெட்டிக்குள் சத்தம் 80 டெசிபலை (சத்தத்தை அளக்கும் அலகு) தொடுவது உண்டு. பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் அதற்கும் மேலே பல டெசிபல் ஏற்ற வேண்டும். வீட்டில் இதே வால்யூமில் கேட்டுப் பாருங்கள், ஒரு நிமிஷம் தாங்க மாட்டீர்கள்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சத்தம் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் காதுக்குள் போகும் ஒலி ஆற்றல் இரண்டு மடங்காகிறது, அதனால் நேரம் பாதியாகிறது. 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் 5, 92 என்றால் இரண்டரை. 95 டெசிபலில் ஒன்றேகால் மணி நேரம்தான், அதுவும் வாரம் முழுவதுக்கும் சேர்த்து. மூன்று டெசிபல் வித்தியாசம் காதுக்குப் பெரிதாகத் தெரியவே தெரியாது, வால்யூம் பட்டனை ஓரிரு தடவை அழுத்துகிற அளவுதான். பல போன்களில் முழு வால்யூம் என்பது 100 டெசிபல் அளவில் இருக்கும். உங்கள் ரயில் நேரம் வாரம் பன்னிரண்டரை மணி. 95-இல் கேட்டால், சம்பளம் வந்த அன்றைக்கே பர்ஸ் காலியான மாதிரி, திங்கட்கிழமை காலை கிண்டியில் இறங்கும்போதே அந்த வாரத்துக்கான அளவு தீர்ந்துபோகும். அதே பன்னிரண்டரை மணியை 85-க்குள் கேட்டால் வரம்புக்குள் அடங்கும். அதுவும் வேறு எங்கும் சத்தத்தில் மாட்டாமல் இருந்தால்தான். 80-க்குள் என்றால் கவலையே இல்லை.

அந்த ‘கொய்ங்’ சத்தத்துக்கு வருவோம். உட்காதில் நத்தைக்கூடு வடிவத்தில் ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள். ஒலி அதிர்வை நரம்புக்கு மாற்றித் தருவது இவைதான். அதிக சத்தத்தில் இவை களைத்துப்போகும், ஓய்வு கிடைத்தால் மீளும், அளவு மீறினால் செத்துப்போகும். பறவைகளுக்குத் திரும்ப முளைக்கும், நமக்கு முளைக்காது. காலையில் சத்தம் நின்றுவிட்டதே என்று நீங்கள் நிம்மதி அடைவது புரிகிறது, ஆனால் முழுதாக நம்பாதீர்கள். பாஸ்டனில் குஜாவா, லிபர்மேன் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் எலிகளிடம் ஒன்றைக் காட்டினார்கள். சத்தத்துக்குப் பிறகு கேட்கும் திறன் பரிசோதனையில் பழையபடி திரும்பிவிட்டது. ஆனால் மயிர்ச் செல்லையும் நரம்பையும் இணைக்கும் முடிச்சுகளில் பல திரும்பவே இல்லை. மனிதர்களில் இது எந்த அளவுக்கு என்பதில் விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடியட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். இரவில் காது கொய்ங் என்றால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, நாய்ஸ் கேன்சலிங் வாங்கலாமா? உங்கள் பயணத்துக்கு நல்ல யோசனைதான். ரயில் மோட்டார், சக்கரத்தின் ஓயாத உறுமல் போன்ற தாழ்ந்த, தொடர்ச்சியான சத்தத்தை அது நன்றாக அடக்கும். ஹாரன், பக்கத்து சீட்டுப் பேச்சு, சுண்டல்காரர் குரல் எல்லாம் ஓரளவு உள்ளே வரத்தான் செய்யும். ஆனால் கருவியை மாட்டிக்கொண்டு பழைய வால்யூமிலேயே கேட்டால் வாங்கிய காசு தண்டம். வீட்டில் அமைதியான அறையில் பாட்டு இதமாகக் கேட்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், ரயிலிலும் அதிலிருந்து பெரிதாக நகராதீர்கள். இன்னொன்று: தண்டவாளத்தைக் கடக்கும்போதும் பிளாட்பார ஓரத்தில் நடக்கும்போதும் அதைக் கழற்றிவிடுங்கள். காது கெடுவதற்கு வருஷங்கள் ஆகும், இதற்கு ஒரு நொடி போதும்.

அவ்வளவு செலவு முடியாது என்றால், இப்போதைய இயர்பட்ஸின் சிலிகான் முனை உங்கள் காதுக்குச் சரியான அளவா என்று பாருங்கள். பெட்டியில் மூன்று அளவு கொடுத்திருப்பார்கள், பெரும்பாலானோர் மாட்டியிருந்ததையே விட்டுவிடுகிறோம். நன்றாகப் பொருந்தினாலே வெளிச்சத்தம் கணிசமாகக் குறையும், வால்யூமை ஏற்றும் ஆசையும் குறையும். ஹெட்போனா இயர்பட்ஸா என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. செவிப்பறைக்கு எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் போகிறது என்பதுதான் கணக்கு.

‘60 சதவீத வால்யூம், 60 நிமிஷம்’ என்று எங்கும் சொல்கிறார்கள். கெட்ட பழக்கம் அல்ல, ஆனால் ஒரு போனின் 60 இன்னொன்றின் 60 அல்ல. ஐபோனில் ஹெட்போன் சத்தத்துக்கு டெசிபல் கணக்கிலேயே உச்சவரம்பு வைக்கலாம். சாம்சங் போன்களிலும் மீடியா வால்யூமுக்கு வரம்பு வைக்கும் வசதி உண்டு. அதை ஒருமுறை அமைத்துவிட்டால் பிடித்த பாட்டு வரும்போது கை தானாக மேலே போகாது.

ஒருமுறை ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனைத் தாளில் பதிவு செய்யும் பரிசோதனை, எடுத்துவிடுங்கள். உங்கள் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். அமைதியான அறையில் ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க இந்தத் தாள் உதவும். அந்த ‘கொய்ங்’ இரைச்சல் இரண்டு மூன்று நாளாகியும் நிற்கவில்லை என்றாலோ, ஒரு காதில் மட்டும் கேட்டாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள். ஒரு காது திடீரென்று அடைத்த மாதிரி ஆகி கேட்காமல் போனால் அதை அவசரமாக நினைத்து அன்றைக்கே போங்கள். ஸ்டீராய்டு சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். சளி அடைப்பு என்று நினைத்து ஒரு வாரம் கழித்து வருகிறவர்கள்தான் எங்களுக்கு வருத்தம் தருகிறார்கள். காய்ச்சிய எண்ணெய் விடுவது, பட்ஸ் போட்டுக் குடைவது இரண்டும் வேண்டாம், அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

இரவுப் பாட்டு தப்பில்லை. அமைதியான அறையில் மெல்லிய வால்யூமே போதும் என்பதால் காதுக்குச் சுமை குறைவு. ஆனால் இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தால் அது உள்ளே அழுத்தும், அரிப்பு வரும், அழுக்கும் இறுகும். போனின் ஸ்பீக்கரிலேயே மெதுவாக வைத்து, அரை மணி நேரத்தில் நிற்கும்படி டைமர் போட்டுவிடுங்கள்.